படுக்கையில் இருப்பவரை இரவிலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டத்தான் வேண்டுமா?

கரிசல்மண்: பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருப்பவரை வீட்டில் ஒரே ஆள் பார்த்துக்கொள்ளும்போது, ராத்திரியும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து புரட்டச் சொல்கிறார்கள். ராத்திரி 4 மணி நேர இடைவெளி போதும் என்பது என் கட்சி. பகலில் வேலையோ தேர்வுப் படிப்போ இருப்பவர் எத்தனை நாள் தாங்குவார்?

வேப்பமரத்தடி: ஒத்துக்கொள்ளவே மாட்டேன். படுக்கைப் புண் வர ஒரு ராத்திரி போதும், ஆற மாதக்கணக்காகும். வால் எலும்பு, இடுப்பெலும்பு, குதிகால் மேல் எடை அழுந்தி ரத்த ஓட்டம் நின்றால் தோல் செத்துவிடும். உணர்ச்சி குறைந்தவர் தானாக அசையவும் மாட்டார். நம் தூக்கமா அவர் உடம்பா என்றால் அவர் உடம்புதான்.

கரிசல்மண்: அக்கா, 2013-ல் வந்த ஓர் ஆய்வில், அமெரிக்கா, கனடா முதியோர் இல்லங்களில் அடர்த்தியான ஃபோம் மெத்தையில் இருந்த 900-க்கும் மேற்பட்டவர்களை 2, 3, 4 மணி நேர இடைவெளிகளில் திருப்பிப் பார்த்தார்கள். புண் வந்ததில் பெரிய வித்தியாசமே இல்லை. அதனால் முதல் செலவு மெத்தைக்குத்தான். இரவு 10, 2, 6 என்று வைத்துக்கொண்டால் நடுவில் ஒரு முறைதான் எழ வேண்டும். வீட்டில் இன்னொருவர் இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் அந்த 2 மணியை அவர் ஏற்கட்டும்.

வேப்பமரத்தடி: அந்த ஆய்வு தொடங்கும்போது யாருக்கும் புண் கிடையாது தம்பி, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டயப்பர் நனைந்தே கிடப்பவருக்கும், எலும்பும் தோலுமாக இருப்பவருக்கும் அந்தக் கணக்கை அப்படியே வைக்க முடியாது. ஏர் பெட் இருக்கிறதே என்றும் தூங்கிவிடாதீர்கள். கரண்ட் போய்க் காற்று இறங்கினால் வெறும் பலகைதான். மெத்தைக்கு அடியில் கையை விட்டு, இடுப்புக்குக் கீழே ஓர் அங்குலமாவது காற்று நிற்கிறதா என்று பாருங்கள்.

வார்டு7: மணிக்கணக்கைவிட முறைதான் முக்கியம். முழுக்கப் பக்கவாட்டில் சாய்த்தால் இடுப்பெலும்பு அழுந்தும். 30 டிகிரி சாய்வு போதும். முதுகுக்குப் பின்னால் தோளிலிருந்து இடுப்புவரை ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று, குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று. தலைப்பக்கத்தை அதிகம் உயர்த்தினால் உடம்பு கீழே சறுக்கி, வால் எலும்பருகே தோல் இழுபட்டுக் கிழியும். ட்யூப் வழி உணவு கொடுத்த பிறகு மட்டும் அரை மணி, ஒரு மணி நேரம் உயர்த்தியே வைக்க வேண்டும். நடுவில் ஓட்டையுள்ள வட்டத் தலையணை வேண்டாம், ஓரமெல்லாம் அழுத்தும். சிவந்த இடத்தைத் தேய்க்கவும் கூடாது.

கவனிப்பவர் முதுகையும் பாருங்கள். அக்குளில் கைவைத்துத் தூக்குவதுதான் பெரிய தவறு. பழைய போர்வையை நாலாக மடித்து, நோயாளியின் தோளிலிருந்து தொடைவரை அடியில் போட்டு, முழங்காலை மடக்கி நின்று, அதைப் பிடித்து உங்கள் பக்கமாக இழுங்கள். கட்டில் உங்கள் இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நோய்த்தணிப்பு சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன. வருகிறவரிடம் இந்தப் புரட்டலைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

கரிசல்மண்: நன்றி. அப்போ 4 மணி நேரம் ஒத்துவருமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வார்டு7: புரட்டியதும் சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் இப்போதைக்குப் பயமில்லை. வெளுக்காமல் அப்படியே நின்றால் புண் தொடங்கிவிட்டது, இடைவெளியைக் குறைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். நம் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள்.

வேப்பமரத்தடி: அப்படியென்றால் 2-லிருந்து 3, ஒரு வாரம் தோல் தெளிவாக இருந்தால் 4. எடுத்த எடுப்பில் 4 என்றால் இப்போதும் என் பதில் வேண்டாம்தான்.