முக்கால் அங்குல ரெச்சட் வாங்கலாமா? கராஜ்காரர்கள் பகிர்ந்த அனுபவங்கள்

சம்மாந்துறை, உழவு இயந்திரம் திருத்துபவர்:

பெரும்போக வெட்டு தொடங்குமுன் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. என்னுடையது சின்னக் கராஜ். உழவு இயந்திரங்கள்தான் அதிகம் வருகின்றன. வெட்டுக் காலத்தில் அறுவடை இயந்திரங்களும் வரும். கையில் அரை அங்குல ரெச்சட் செட் ஒன்று இருக்கிறது, அதாவது நட்டின்மேல் ஏறும் சொக்கட்டுகளும் அவற்றைப் பூட்டிச் சுழற்றும் பிடியும். அரை, முக்கால் என்பது சொக்கட் பூட்டுகிற சதுர முனையின் அளவு. பின்சில்லு நட்டு, அச்சுப் பெட்டி போல்ட்டு என்று வந்தால் அது போதவில்லை. கல்முனையில் ஒரு கடையில் முக்கால் அங்குல செட் பார்த்தேன். 19 முதல் 50 மில்லிமீற்றர் வரை சொக்கட்டுகள், அரை மீற்றர் நீள ரெச்சட், எல்லாம் ஓர் இரும்புப் பெட்டிக்குள். "இது இருந்தால் கழராத நட்டு உலகத்தில் இல்லை" என்கிறார் கடைக்காரர். அவர் ஒரு நட்டும் கழற்றியதில்லை என்பது அவரது கையைப் பார்த்தாலே தெரிகிறது. பாவித்தவர்கள் சொல்லுங்கள், வாங்கலாமா?

அக்கரைப்பற்று, கனரக வாகனக் கராஜ்:

தம்பி, செட்டைக் கடையிலேயே விட்டுவையுங்கள். நீங்கள் முதலில் வாங்க வேண்டியது ரெச்சட் அல்ல, பவர் பார். உள்ளே பல்லும் நாக்கும் இல்லாத, தலை மட்டும் மடங்குகிற நீளக் கம்பி அது. இறுகிய நட்டை அசைப்பது அதன் வேலை. அசைந்த நட்டை விரைவாகச் சுழற்றி எடுப்பது ரெச்சட்டின் வேலை. இரண்டு வேலையையும் ரெச்சட்டின் தலையில் கட்டுகிறவர்கள்தான் அதை உடைத்துக்கொண்டு வந்து சாமான் சரியில்லை என்கிறார்கள்.

ஒரு போடியார் தன் சாரதியோடு என் கராஜுக்கு வந்தார். வயல் வட்டைக்குள் பின்சில்லைக் கழற்றுவதற்காக, சாரதி அரை அங்குல ரெச்சட்டின் பிடியில் தண்ணீர்க் குழாய் ஒன்றைச் செருகி, அதன்மேல் ஏறி நின்றிருக்கிறார். நட்டு அசையவில்லை. நாக்கு பல்லை விட்டு வழுக்க, மனிதர் மட்காட்டில் முகத்தை அடித்துக்கொண்டு விழுந்திருக்கிறார். ரெச்சட்டைத் திறந்து பார்த்தேன். சாரதிக்கு முன்பல் ஒன்று, ரெச்சட்டுக்கு உள்பல் மூன்று.

காரணம் எளிது. ரெச்சட்டின் தலைக்குள் ஒரு பற்சக்கரமும், அதைப் பிடிக்கும் ஒரு சிறு நாக்கும் இருக்கின்றன. நீங்கள் கொடுக்கும் விசை முழுவதையும் அந்த நாக்குக் கடித்திருக்கும் சில பற்கள்தான் தாங்க வேண்டும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 25 சென்ரிமீற்றர் பிடியின் நுனியில் முழுப் பாரத்தையும் போட்டால் ஏறத்தாழ 170 நியூட்டன் மீற்றர் முறுக்கம் வரும். அதே ஆள் ஒரு மீற்றர் குழாயின் நுனியில் நின்றால் ஏறத்தாழ 690. முறுக்கம் நான்கு மடங்காகிவிட்டது, நாக்கோ அதே நாக்குத்தான். பவர் பாரிலும் குழாய் போட்டால் சதுர முனை முறியலாம். ஆனால் அங்கே வழுக்குவதற்கு நாக்கு இல்லை.

இன்னொன்று. கழராத நட்டுக்குக் காஸ் பிடித்துச் சூடாக்குகிற பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. கலப்பையில் அப்படிச் செய்கிறவர்கள் செய்யட்டும். டயர் பூட்டிய சில்லில் மட்டும் வேண்டாம். காற்றை இறக்கிவிட்டாலும் டயரின் உட்புறம் சூடேறி வாயு சேர்ந்து வெடிக்கக்கூடும். முதல்நாள் மாலையே கம்பித் தூரிகையால் புரியைத் துப்புரவு செய்து ஊடுருவும் எண்ணெய் விட்டு வையுங்கள். காலையில் நட்டின் முகத்தில் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டுங்கள். பிறகு பாரைப் போட்டு, முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு நூல் அசைத்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள். பாதிக்குமேல் அப்படியே வந்துவிடும்.

செங்கலடி, அறுவடை இயந்திரம் வாடகைக்கு விடுபவர்:

அக்கரைப்பற்று அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் முக்கால் அங்குல ரெச்சட்டை ஒரேயடியாக ஒதுக்கிவிட வேண்டாம். வெட்டு நேரத்தில் வயல் நடுவே இயந்திரம் நின்றால், வரம்பில் விவசாயி நிற்பார், அவருக்குப் பின்னால் அடுத்த விவசாயி நிற்பார், வானத்தில் மழை நிற்கும். சங்கிலிப் பட்டியின் உருளைப் போல்ட்டுகளைப் பாரால் அசைத்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் சொக்கட்டைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் பொழுது இருண்டுவிடும். சேற்றில் முழங்கால் குத்தி வேலை செய்கிறவனுக்கு ரெச்சட் ஆடம்பரம் அல்ல.

மண் கிளறும் ரொட்டவேட்டர் கத்திகளுக்கு மட்டும் நான் சொக்கட் பாவிப்பதில்லை. போல்ட்டின் புரி நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் சாதாரண சொக்கட்டின் ஆழம் போதாது. அங்கே ரெச்சட் பொருத்திய ரிங் ஸ்பனர்தான் சரி. போல்ட்டு அதன் நடுவால் ஊடுருவிப் போகும். அதையும் அசைந்த நட்டுக்கு மட்டும்தான் போடுகிறேன்.

அம்பாறை, ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்தவள், இப்போது நெல் ஆலையில் பராமரிப்புப் பொறுப்பு:

பல்லின் எண்ணிக்கையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 24 பல் ரெச்சட் அடுத்த பல்லைப் பிடிக்கப் பிடியை 15 பாகை பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும். 72 பல்லென்றால் 5 பாகை போதும். தாளில் இது சிறிய வேறுபாடுதான். பிடி அரை மீற்றர் நீளமாக இருந்தால் 15 பாகைக்கு அதன் நுனி ஏறத்தாழ 13 சென்ரிமீற்றர் ஆட வேண்டும், 5 பாகைக்கு நாலரை சென்ரிமீற்றர்கூட வேண்டாம். எங்கள் ஆலையில் நெல்லை மேலே ஏற்றும் உயர்த்தி வாளிப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே கை நுழைவதே பெரிய காரியம். முன்பு இருந்த பெரிய ரெச்சட் அங்கே "டிக்" என்று ஒரு சத்தம்கூடக் கொடுக்காது. பிடி சுவரில் முட்டிவிடும்.

பல் கூடக் கூட ஒவ்வொரு பல்லும் சிறிதாகிறது. அதனால் நாக்கில் ஒரே நேரத்தில் பல பற்கள் கடிக்கும்படி வடிவமைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். மலிவான 72 பல்லை விட ஒழுங்கான 24 பல் மேல். நெருக்கமில்லாத இடத்தில் பெரிய நட்டுத்தான் வேலை என்றால் குறைந்த பல்லே போதும்.

சொக்கட் வாங்கும்போது ஆறு முனை கேளுங்கள், பன்னிரண்டு முனை வேண்டாம். ஆறு முனைச் சொக்கட் நட்டின் தட்டையான முகத்தில் அழுத்தும். பன்னிரண்டு முனை மூலைக்குக் கிட்டப் பிடிப்பதால் கறள் தின்ற நட்டின் மூலையை உருட்டிவிடும். காற்றழுத்தத்தால் நட்டை அடித்துச் சுழற்றும் காற்றுத் துப்பாக்கி பாவிக்கிற எண்ணம் இருந்தால் அதற்குரிய கறுப்புச் சொக்கட்டைத் தனியாக வாங்குங்கள். குரோம் பூசிய பளபளப்புச் சொக்கட் அந்த அடிக்கு வெடிக்கும், துண்டு கண்ணுக்குத்தான் பறக்கும்.

அரை அங்குல ரெச்சட்டில் முக்கால் அங்குலச் சொக்கட்டைப் பூட்டுகிற மாற்றிகள் விற்கிறார்கள். அதைப் பூட்டுவதால் ரெச்சட் முக்கால் அங்குலப் பலம் பெற்றுவிடாது. உடையப்போவது அரை அங்குலம்தான்.

ஓட்டமாவடி, லொறி உரிமையாளர்:

பழைய ஜப்பான் லொறிக்காரர்கள் இதைக் கவனியுங்கள். வாகனத்தின் இடது பக்கச் சில்லுகளில் இடப்புரி இருக்கும், வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் திருப்பினால்தான் நட்டுக் கழலும். பொலன்னறுவை வீதியில் புனானை தாண்டி ஒரு லொறி நின்றது. சாரதியும் உதவியாளரும் மாறிமாறிப் பாரில் குதிக்கிறார்கள். பொழுதோ யானை வருகிற பொழுது. நான் இறங்கிப் போய் டோர்ச் அடித்துப் பார்த்தேன், போல்ட்டின் நுனியில் இடப்புரியைக் குறிக்கும் 'எல்' என்ற ஆங்கில எழுத்து வெட்டியிருக்கிறது. குதித்த ஒவ்வொரு குதிப்பும் நட்டை இறுக்கத்தான் உதவியிருக்கிறது! மறுபக்கம் திருப்பியும் அது சும்மா வரவில்லை. அவ்வளவு இறுக்கம்.

அந்த வகை இரட்டைச் சில்லில் வெளி நட்டு 41 மில்லிமீற்றர் அறுகோணம், உள்ளே இருப்பது 21 மில்லிமீற்றர் சதுரம். செட்டுப் பெட்டியில் இரண்டாவது இருக்காது. லொறி வேலையும் வரும் என்றால், தம்பி, அதைத் தனியாகத் தேடி வாங்குங்கள்.

கையால் சுற்றுகிற கியர்ப் பெட்டி ஒன்று விற்கிறார்களே, அதை நான் லொறியிலேயே வைத்திருக்கிறேன். கைப்பிடியை 58 தடவை சுற்றினால் நட்டு ஒருதடவை சுற்றும். ஒல்லியான பையன்கூடக் கழற்றிவிடுவான். கழற்றுவதற்கு அதைப்போல் இல்லை. இறுக்குவதற்கு மட்டும் அதைத் தொடாதீர்கள். எவ்வளவு இறுகுகிறது என்பது கைக்குத் தெரியவே தெரியாது, போல்ட்டு இழுபட்டு முறிந்த பிறகுதான் தெரியும். சில்லு மாற்றியபின் 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் நிறுத்தி நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பாருங்கள். இறுக்க அளவு காட்டும் டோர்க் ரென்ச் ஒன்று கராஜில் இருக்கட்டும், அதை யாரும் நட்டுக் கழற்ற எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அதன் அளவை ஆகக் குறைந்த கோட்டுக்கு இறக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சுருள்வில் தளர்ந்துவிடும்.

வாழைச்சேனை, படகு இயந்திரம் பார்ப்பவர்:

உங்களுக்கு வட்டைச் சேறு, எங்களுக்கு உப்பு. துறைமுகத்தில் குரோம் பூசிய ரெச்சட்டின் மேற்பூச்சு ஒரு காற்றுக் காலத்துக்குள் கொப்புளிக்கத் தொடங்கும். உரிந்த குரோம் பிளேடு போல வெட்டும், அப்படிப்பட்ட பிடியைத் தூர எறிந்துவிடுங்கள். கடல் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவுவது எங்கள் வழக்கம்.

ஆலையில் வேலை செய்யும் தங்கச்சி சொன்ன நெருக்கமான பல்லுக்குள் தடித்த கிறீஸ் அடைக்காதீர்கள். நாக்கின் பின்னாலிருக்கும் சிறு சுருள்வில்லுக்குக் கிறீஸைத் தள்ளிக்கொண்டு பல்லில் முழுதாக இறங்கப் பலம் இல்லை. பாதிப் பிடியில் நின்று, பாரம் வந்ததும் வழுக்கும். இலேசான எண்ணெய் சில துளி போதும்.

படகில் துருப்பிடிக்காத உருக்கு நட்டுகள் அதிகம். கறள் இல்லை என்பதால் அவை எளிதாகக் கழலும் என்று நினைக்கிறார்கள். காய்ந்த புரியில் ரெச்சட்டால் விறுவிறுவென்று சுழற்றினால் சூடேறி, புரியும் புரியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதன்பின் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஒட்டாமல் தடுக்கும் பசை தடவி, மெதுவாகச் சுற்றுங்கள்.

சம்மாந்துறை, கேட்டவர்:

எல்லோருக்கும் நன்றி. செட்டை வாங்கவில்லை. ஒரு மீற்றர் முக்கால் அங்குலப் பவர் பார் ஒன்றும், நான் அடிக்கடி தொடுகிற அளவுகளில் ஆறு முனைச் சொக்கட்டும் தனித்தனியாக எடுத்துக்கொண்டேன். 20 மில்லிமீற்றர் தடிப்புள்ள M20 போல்ட்டுக்கு 30 மில்லிமீற்றர் சொக்கட், M24க்கு 36. பழைய மசி பெர்குசன் 35, 135 உழவு இயந்திரங்கள் வருவதால் அங்குல அளவுகளும் தேவைப்பட்டன. பதினைந்தின் கீழ் பதினாறு (15/16) அங்குலத்துக்கு 24 மில்லிமீற்றர் சரியாக உட்காருகிறது, ஒன்றேகாலுக்கு 32 சமாளிக்கிறது. ஒன்றேயரைக்கால் (1 1/8) அங்குலம் மட்டும் எதற்கும் சேராது. அது 28.6 மில்லிமீற்றர், 28 ஏறாது, 29 ஆடும். அதை மட்டும் அங்குலச் சொக்கட்டாகவே வாங்கினேன்.

மிச்சப் பணத்துக்கு ரெச்சட்டைத் தனியாக எடுக்கலாம் என்று இருக்கிறேன். ஜப்பானிலிருந்து வரும் பாவித்த சாமான்களில் கோகன், டோனே பெயருள்ளவை கிடைக்கின்றன. அக்கரைப்பற்று அண்ணன், அதில் எதைப் பார்த்து எடுப்பது?

அக்கரைப்பற்று, கனரக வாகனக் கராஜ்:

பெயரைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் சதுர முனை. நான்கு மூலையும் கூராக இருக்க வேண்டும். நேரே பிடித்துப் பார்த்தால் முறுக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் யாரோ குழாய் போட்டிருக்கிறார்கள். பிறகு சொக்கட் ஒன்றைப் பூட்டிப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கொஞ்சம் ஆடினால் பரவாயில்லை, தலைக்குள் கடகடவென்றால் வையுங்கள். இரண்டு திசைக்கும் மாற்றி மெதுவாகச் சுற்றுங்கள். சத்தம் ஒரே சீராக வர வேண்டும், ஓரிடத்தில் ஒரு "டிக்" விட்டுப்போனால் அங்கே பல் இல்லை. பின்மூடியில் திருகாணி இருப்பதாகப் பார்த்து எடுங்கள். அப்படியானதைத் திறந்து கழுவலாம், நாக்கும் சுருள்வில்லும் மாற்றலாம். ஆணியடித்து மூடியதைப் பழுதானால் எறியத்தான் வேண்டும். பிடியில் குழாய் ஏறிய வட்டத் தழும்பு இருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பாருங்கள், அதன்மேல் பெயின்ற் பூசி விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.