வாள் பிடித்த ராணி யார்? கோர்ட் கார்டுகளோடு எங்கள் அனுபவங்கள்

சத்துவாச்சாரியிலிருந்து:

பலன் சொல்லப் பயன்படும் டாரட் சீட்டுக்கட்டின் 78 கார்டுகளில், வாண்ட்ஸ் (கோல்), கப்ஸ் (கிண்ணம்), ஸ்வோர்ட்ஸ் (வாள்), பென்டக்கிள்ஸ் (நாணயம்) என்ற நான்கு இனங்களிலும் பேஜ் (பணியாள்), நைட் (குதிரைவீரன்), குயின், கிங் என்று வரும் 16 கார்டுகள் மனிதர்களுக்கு உரியவை. இவற்றைத்தான் கோர்ட் கார்டுகள் என்கிறோம். மரணக் கார்டு விழுந்தால்கூடப் பதற்றமில்லாமல் பலன் சொல்பவர்கள் இந்த 16க்கு முன்னால் தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன். கேள்வி கேட்க வந்தவர் உடனே "இது யாரு?" என்பார், நமக்கும் ஒரு பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம் வந்துவிடும்.

1909இல் லண்டனில் வெளிவந்த ரைடர்-வெய்ட் கட்டைத்தான் நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கிறோம். அதை வடிவமைத்த வெய்ட், ஆளை அடையாளம் காண முடியின் நிறத்தையும் தோலின் நிறத்தையும் ஒரு வழியாகச் சொல்லியிருக்கிறார்: வெளுத்தவர்கள் வாண்ட்ஸ், கறுத்தவர்கள் பென்டக்கிள்ஸ். அந்தக் கணக்கைக் காட்பாடி ரயில் நிலையத்தில் போட்டால் நடைமேடை முழுவதும் பென்டக்கிள்ஸ் குடும்பமாகத்தான் நிற்கும். ஆகவே அந்த முறையை நான் தொடுவதில்லை. ஓவியர் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்திருக்கும் கையையும் பார்வையையும் இருக்கையையும் பார்த்தே குணத்தைச் சொல்கிறேன்.

ஊசூர் பக்கம் நிலம் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், அதை இப்போதே மகன் பேருக்கு எழுதிவிடலாமா என்று கேட்டு வந்திருந்தார். வைத்த கார்டுகளின் நடுவில் குயின் ஆஃப் ஸ்வோர்ட்ஸ் விழுந்தது. "கத்தியப் புடிச்சிக்கினு உக்காந்திருக்காளே, இது என் மருமகதானேம்மா?" என்றார். நான் பதில் சொல்லாமல் கார்டை அவர் பக்கம் நகர்த்தி, கண்ணில் படுவதை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். வலக்கையில் செங்குத்தாக நிற்கும் வாள், பக்கவாட்டில் தெரியும் முகம், கிரீடத்தில் வண்ணத்துப்பூச்சிகள், வானத்தில் ஒரே ஒரு பறவை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், நீட்டிய இடக்கையிடம் வந்ததும் சற்று நின்றார். "இவ வெட்ட வரல. முன்னால வந்து நேரா சொல்லுன்னு கூப்பிடறா" என்றார். இந்த ராணியின் குணம் அந்த இடக்கையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

வெய்ட் இந்தக் கார்டுக்கு விதவை நிலை, துக்கம், பிரிவு என்றெல்லாம் பொருள் எழுதியிருக்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் அதை அப்படியே ஒப்பிப்பது எனக்குப் பிடிக்காத செயல். இழப்பைக் கண்டவள், அதனாலேயே இனிப்பான பேச்சில் மயங்காதவள் என்று எடுத்துக்கொண்டால் வெய்ட்டின் பொருளும் வீணாகாது, கேட்பவரும் நோக மாட்டார். இந்த விஷயத்தில் அப்படி நேராகக் கேள்வி கேட்டவர் யார் என்று விசாரித்தபோது, பத்திரம் எழுதும் பெண்மணி ஒருவர், "நாளைக்கு உங்க வைத்தியச் செலவுக்குப் பணம் வேணும்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டதையும், உயிலை உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம், இப்போதே எழுதிக்கொடுக்கும் செட்டில்மென்ட்டை நினைத்தபோது ரத்து செய்ய முடியாது என்று விளக்கியதையும் ஆசிரியை நினைவுகூர்ந்தார். நான் கார்டில் பார்த்த குரலும் அதுதான். மருமகளைப் பற்றிய பேச்சு அதற்குமேல் எழவில்லை. நிலத்தை எழுதினாரா என்று நானும் கேட்கவில்லை.

குடியாத்தத்திலிருந்து:

நான் நைட் கார்டுகளைக் குதிரையை வைத்தே படிக்கிறேன். வாண்ட்ஸ் குதிரை முன்னங்கால்களைத் தூக்கி எழும்புகிறது, ஸ்வோர்ட்ஸ் குதிரை நாலுகால் பாய்ச்சலில் போகிறது, கப்ஸ் குதிரை நிதானமாக நடக்கிறது, பென்டக்கிள்ஸின் கறுப்புக் குதிரை மட்டும் அசையாமல் நிற்கிறது. என் அக்கா தன் மகளுக்கு வந்த வரனைப் பற்றிக் கேட்டபோது இந்தக் கடைசிக் கார்டுதான் விழுந்தது. பையன் ஒன்றுக்கும் வாய் திறப்பதில்லை, விருப்பமில்லை போலிருக்கிறது என்பது அக்காவின் கவலை. குதிரைக்குப் பின்னால் உழுது போட்ட வயல் இருப்பதைக் காட்டி, வேலையை முடித்துவிட்டு நிற்பவன் இவன், பேச்சில் தேடினால் கிடைக்கமாட்டான் என்றேன். "அப்ப சோம்பேறி இல்லன்றியா?" என்று அக்கா கேட்டாள். தலைகீழாக விழுந்திருந்தால் அந்தச் சந்தேகத்துக்கும் இடம் கொடுத்திருப்பேன் என்பதையும் ஒப்புக்கொண்டேன்.

வேலூர் காந்தி ரோட்டிலிருந்து:

சத்துவாச்சாரி சகோதரி சொல்வதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் கார்டில் இருப்பவர் வெளியாள் என்றே முடிவு செய்துவிடக் கூடாது. சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ் ஒன்றின் மேலாளர், இரவில் தூக்கம் வராததைப் பற்றி என்னிடம் கேட்டார். அவருக்கு கிங் ஆஃப் கப்ஸ் விழுந்தது. அலையடிக்கும் கடலின் நடுவே கல் அரியணையில் உட்கார்ந்திருக்கும் அந்த ராஜாவின் கழுத்தில் மீன் பதக்கம் தொங்குகிறது. உயிருள்ள மீனோ அவருக்குப் பின்னால் கடலில் துள்ளுகிறது. புத்தகங்கள் இவரை அமைதியானவர், பெருந்தன்மையானவர் என்று சொல்லிவிட்டுப் போய்விடும். எனக்கு அந்தப் பதக்கம்தான் முக்கியம்: உணர்ச்சியை நகையாக்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, உயிருள்ளதைத் தன் கண்ணில் படாத இடத்தில் வைத்திருப்பவர் இவர். மேலாளரிடம் இதைச் சொன்னபோது, ஒவ்வோர் அறையின் பரிசோதனை முடிவும் தனக்கு மனப்பாடம் என்றும், வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை என்றும் சொன்னார்.

இங்கே மற்றவர்களிடம் ஒரு கேள்வி. கோர்ட் கார்டு விழுந்ததும் அந்த ஆள் எதை விரும்புகிறார் என்று அறிய, அதன்மேல் குறுக்காக இன்னொரு கார்டு வைப்பது என் வழக்கம். மேலாளருக்கு அப்படி வைத்தபோது அதுவும் கோர்ட் கார்டாகவே, பேஜ் ஆஃப் கப்ஸாக, விழுந்தது. கிண்ணத்திலிருந்து மீன் தலை நீட்ட, அதோடு பேசுவதுபோல் நிற்கும் அந்த இளைஞனை மேலாளருடைய ஆசையாக எடுத்துக்கொண்டேன். நீங்கள் அவனை அவருடைய மகன் என்று படித்திருப்பீர்களா?