இல்லத்தரசியின் உழைப்புக்கு ஏன் மதிப்பில்லை?

கேள்வி:
கணக்காளராகப் பணியாற்றிவந்த நான், இரண்டாவது குழந்தை பிறந்தபின் வேலையை விட்டுவிட்டேன். இப்போது பிள்ளைகளோடு, படுத்த படுக்கையாக இருக்கும் மாமனாரையும் கவனித்துக்கொள்கிறேன். முதுகில் புண் வந்துவிடாமலிருக்க இரவிலும் எழுந்து அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் "எங்கே வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்பவர்கள், "வீட்டில்தான் இருக்கிறேன்" என்றதும் பேச்சை என் கணவர் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். சம்பளம் வந்தால்தான் உழைப்பா?

மறுமொழி 1:
நாட்டின் வருமானத்தைக் கணக்கிடும் முறையிலேயே இந்தப் புறக்கணிப்பு இருக்கிறது. வீட்டு வேலைக்கு அமர்த்திய பெண்ணையே ஒருவர் மணந்துகொண்டால், அவள் அதே வேலைகளைத் தொடர்ந்து செய்தாலும் தேசிய வருமானம் குறைந்துவிடும் என்று பொருளியலாளர் ஆர்தர் பிகு நூறாண்டுகளுக்கு முன்பே சுட்டிக்காட்டினார் (அந்தக் காலத்து உதாரணம்தான், ஆனாலும் பொருந்துகிறது). இன்றைய மொத்த உள்நாட்டு உற்பத்திக் கணக்கிலும், குடும்பத்தினருக்காக ஊதியமின்றிச் செய்யும் சமையலும் துப்புரவும் பராமரிப்பும் சேர்வதில்லை. உங்கள் மாமனாருக்கு ஒரு செவிலியரை அமர்த்தியிருந்தால் அவருடைய சம்பளம் கணக்கில் ஏறியிருக்கும். நீங்கள் கண்விழிப்பது ஏறாது. உலகில் ஊதியமில்லாப் பராமரிப்புக்குச் செலவாகும் நேரத்தில் 76.2 விழுக்காடு பெண்களுடையது என்கிறது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கை.

மறுமொழி 2:
கணக்கில் சேர்த்துவிட்டால் மதிப்பு வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. பிறர் வீடுகளில் வேலை செய்யும் பெண்கள் சம்பளம் வாங்குகிறார்கள்தானே, அவர்களை யார் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள்? சம்பளமின்மை பாதிக் காரணம்தான். பெருக்குவதும் துடைப்பதும் எவருக்கும் வரும், அதற்கென்று திறமை வேண்டாம் என்ற எண்ணம் மீதிக் காரணம். செய்யாமல் விட்டால்தான் கண்ணில் படும் வேலை அது. 1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்துப் பெண்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் வெளிவேலையோடு வீட்டு வேலையையும் நிறுத்தியபோது, ஆண்கள் பலர் பிள்ளைகளை அலுவலகத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டியதாயிற்று.

மறுமொழி 3:
தியாகி என்று போற்றுவதற்குக் காசு செலவில்லை. சேமிப்பு யார் பெயரில், வீடு யார் பெயரில் என்று கேட்டால்தான் உண்மையான மதிப்பு தெரியும். ஜெர்மனியில் 1992 முதல் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்றாண்டு வளர்ப்புக் காலம், வளர்ப்பவரின் ஓய்வூதியக் கணக்கில் சேர்கிறது. அத்தகைய ஏற்பாடு இல்லாத இடத்தில், மாதந்தோறும் ஒரு தொகை உங்கள் பெயரில் சேர வேண்டும் என்று கணவரிடம் தயங்காமல் பேசுங்கள். அவர் நிம்மதியாக வேலைக்குப் போய்வர முடிவதே நீங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்வதால்தான்.