புதுப்பிப்பு: ஒட்டுத்துணிப் போர்வை முடிந்தது, அடித்துணிச் சுருக்கத்துக்குக் கைகொடுத்த வழி

நெடுநாள் பாதியில் கிடந்த 60 × 90 அங்குலக் கைத்தையல் போர்வையில், அடித்துணி மட்டும் சுருக்கம் விழுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போர்வை முடிந்துவிட்டது.

கைகொடுத்தது, ஊக்குகளை எடுத்துவிட்டு நூலால் தற்காலிகத் தையல் போடச் சொன்ன யோசனை. பழைய தையலைப் பிரித்து, அடித்துணியின் நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்ட வேண்டும். சுருக்கம் நீங்கினால் போதும், இழுத்துப் பிடிக்கக் கூடாது. இழுத்த துணி டேப்பை எடுத்ததும் சுருங்கும், அங்கேதான் மடிப்பு விழும். அடித்துணியும், நடுவில் வைக்கும் பஞ்சு ஷீட்டும், ஒட்டுத்துணியால் ஆன மேல்துணியைவிட நாலு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். மூன்றையும் அடுக்கி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, 4 அங்குலக் கட்டங்களாகப் பெரிய தையல். நூலுக்குப் பதில் பசை ஸ்ப்ரேயால் ஒட்டும் யோசனையும் வந்தது, அதை நான் முயலவில்லை.

ஓரப்பட்டிக்கு 44 அங்குல அகலத் துணியில் 2½ அங்குலப் பட்டைகள் 8 வெட்டினால் தாராளம். சுற்றளவு 300 அங்குலம்தான்.

எதிர்பாராதது, முதல் அலசலில் சிவப்புச் சுங்குடித் துண்டுகளின் சாயம் வெள்ளையில் இறங்கியது. இப்படி ஆனால் காயவிடவே கூடாது. நிறைய வெந்நீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, போர்வை முழுதும் மூழ்க ஊறவைத்து, சாயம் இறங்காமல் தண்ணீர் தெளிவாக நிற்கும் வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் கறை பெரும்பாலும் போய்விடும். அடர்நிறத் துணியை வெட்டுமுன்பே தனியாக ஊறவைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.