விடியற்காலை எழுத்து ஓடுது, மதியம் தலை ஓட மாட்டேங்குது

சேலம் அம்மாபேட்டை. முழுநேர ஃப்ரீலான்ஸ் எழுத்துக்கு வந்து 8 மாதம். வாரம் 4 கட்டுரை ஒப்புக்கொள்கிறேன், 2தான் கெடுவுக்குள் முடிகிறது.

பொமோடோரோ முறையில் 25 நிமிடம் எழுத்து, 5 நிமிடம் ஓய்வு என்று பார்த்தேன். பிழைதிருத்தத்துக்குச் சரி. சொந்தமாக எழுத உட்கார்ந்தால் சூடு பிடிக்கவே 20 நிமிடம். அதற்குள் மணி அடிக்கிறது. 50-10 ஆக்கினேன். காலை 8 மணிக்குப் பக்கத்து வீட்டுத் தறி ஓட ஆரம்பித்தால் அதுவும் போச்சு. இப்போது 4 மணிக்கே எழுகிறேன், எழுத்து நகர்கிறது. ஆனால் மதியம் திருத்தம் கேட்டு போன் வரும்போது தூக்கம் சொக்குகிறது. ஏற்காட்டில் 2 நாள் அறை எடுத்தும் எழுதினேன். வந்த கூலி வாடகைக்கே சரியாகிவிட்டது!

எழுத்துக்கும் திருத்தத்துக்கும் தனித்தனி நாள் ஒதுக்கியவர்கள், அதை வாடிக்கையாளரிடம் எப்படிச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தீர்கள்?