சோக்: ‘காற்றடைப்பான்’ போதுமா?

> கார்புரேட்டர் சோக் என்பதற்குக் ‘காற்றடைப்பான்’ என்று வைக்கலாமா? தகடு காற்றை அடைக்கத்தானே செய்கிறது?

வணக்கம் ஐயா,

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது கார்புரேட்டர்; ஆறிய எஞ்சினைக் கிளப்ப உதவும் அதன் பகுதிதான் சோக். தகட்டுக்கு மட்டும் பெயர் தேடினால் ‘காற்றடைப்பான்’ நல்ல சொல், நானும் ஏற்கிறேன். ஆனால் எல்லா சோக்கிலும் தகடு இருப்பதில்லை. மோரிஸ் மைனர், பழைய மினி போன்ற வண்டிகளில் வந்த எஸ்.யூ. கார்புரேட்டரைப் பாருங்கள். சோக் பிடியை இழுத்தால் அங்கே காற்று எதுவும் அடைபடாது. ஜெட் (பெட்ரோல் வெளிவரும் சிறுகுழல்) கீழே இறங்கும், ஊசியைச் சுற்றியுள்ள இடைவெளி அகலமாகும், பெட்ரோல் கூடுதலாக ஏறும். சோலெக்ஸ் கார்புரேட்டர் வகைகள் சிலவற்றில் குளிர்நிலைக்கென்றே தனி பெட்ரோல் வழி திறக்கிறது. ஆக, எல்லாவற்றுக்கும் பொதுவான வேலை கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டுவதுதான்.

அதைக் கூட்டத்தான் வேண்டும். பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக்கணக்கில் ஒரு பங்குக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி மட்டுமே ஆவியாகிறது. மற்றது உறிஞ்சுகுழாய்ச் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்கிறது. அளவு சரியாகவே போனாலும் சிலிண்டருக்குள் எரிவதற்கு ஆவி போதாது.

அதனால் கருவிக்குக் ‘குளிர்நிலைச் செறிவூட்டி’ என்பது என் பரிந்துரை. பேச்சில் ‘செறிவூட்டி’ போதும். யுரேனியம் பற்றிய செய்திகளால் செறிவூட்டல் எல்லோருக்கும் பழகிய சொல்தான். டியூப்லைட் சோக்கோடு குழப்பமும் வராது. அது வெறும் மின்சுருள், இதற்கும் அதற்கும் உறவே இல்லை.

இரண்டு சொற்களையும் ஒரு பழுதுபார்ப்புக் குறிப்பில் வைத்துப் பார்த்தேன்:

“எஞ்சின் நன்றாக ஆறியபின் ஏர் ஃபில்டரைக் கழற்றவும். தானியங்கிச் செறிவூட்டி உள்ள வண்டி என்றால் ஆக்சிலரேட்டரை ஒருமுறை முழுக்க மிதித்து விடவும். காற்றடைப்பான் மூடிக்கொள்ள வேண்டும். எஞ்சின் பிடித்ததும் அது சற்றே திறக்க வேண்டும். மூடவே இல்லையென்றால் ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. பிடித்த பிறகும் திறக்காமல் நின்றால் கரும்புகை வரும், பிளக் கறுத்து நனைந்திருக்கும். தகட்டை இயக்கும் ஈருலோகச் சுருளையும் தகட்டின் அச்சில் படிந்த பிசினையும் பார்க்கவும்.”

(ஸ்டார்ட்டர் சுற்றும்போது யாரும் கார்புரேட்டருக்கு மேலே முகத்தை வைத்துப் பார்க்க வேண்டாம். தீ மேலே சீறி வரலாம். குறிப்பில் இதையும் சேர்க்க வேண்டும்.)

இதில் ‘காற்றடைப்பான்’ ஒன்றையே இரண்டு இடத்திலும் போட்டால், கோளாறு தகட்டிலா அதை இயக்கும் சுருளிலா என்று வாசிப்பவருக்குப் பிடிபடாது. எஸ்.யூ. வைத்திருப்பவரோ இல்லாத தகட்டைத் தேடிக்கொண்டிருப்பார்.

சரி, இன்னொரு சிக்கல் மிச்சமிருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் த்ராட்டிலும் அதே போன்ற வட்டத் தகடுதான், சற்றுக் கீழே இருக்கிறது, அதுவும் ஓட்டத்தைக் குறுக்குகிறது. அதற்கு ‘அடைப்பான்’ வராத பெயர் வேண்டும். ‘நெரிப்பிதழ்’ சரிவருமா? உங்கள் கருத்தையும் மற்ற நண்பர்கள் கருத்தையும் பார்த்துவிட்டு இரண்டையும் சேர்த்தே சொற்பட்டியலில் ஏற்றலாம்.