ஐஸ்கிரீம் சாண்ட்விச் குக்கி: ஃப்ரீசர்ல வெச்சா கல்லாயிருது, எதை மாத்தணும்?

தலவாக்கலை_தங்கச்சி:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு சொக்கலட் குக்கிக்கு நடுவுல வெனிலா ஐஸ்கிரீம் வெச்சு சாண்ட்விச் செய்யப் பாக்கிறேன். அவன்ல இருந்து எடுக்கும்போது குக்கி நல்லாத்தான் இருக்கு. ஃப்ரீசர்ல ஒரு ராத்திரி இருந்தா கல்லாயிருது. கடிச்சா குக்கி உடையிறதுக்குள்ள ஐஸ்கிரீம் நாலு பக்கமும் பிதுங்கி வெளிய வந்துருது. இன்னொண்ணு, வேகும்போது நடு உப்பி மேடாகி, ஆறினதும் குழி விழுந்துருது.

அளவு: கோதுமை மா 225 கிராம், கொக்கோ 25, பட்டர் 115, வெள்ளைச் சீனி 150, முட்டை 1, பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி. 1 சென்டிமீட்டர் மொத்தத்துக்கு வெட்டி, 180 பாகையில 14 நிமிஷம். எதை மாத்தணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நுவரெலியா_அடுப்படி:

தங்கச்சி, இந்த அளவு தேத்தண்ணியோட சாப்பிடுற பிஸ்கட்டுக்குச் சரி. சாண்ட்விச் குக்கியை அவன் சூட்டுல ருசி பாத்து முடிவு பண்ணவே கூடாது. -18 பாகையில ஒரு நாள் கிடந்தபிறகு பல்லு இறங்குதாங்கிறதுதான் கணக்கு.

முதல்ல சீனி. குக்கிக்குள்ள இருக்கிற தண்ணி உறையாம இருக்கிறதுக்குக் காரணமே சீனிதான். வெள்ளைச் சீனியை விட தேன், கோல்டன் சிரப் இந்த வேலையை நல்லாச் செய்யும். தேன்ல பெரும்பகுதி குளுக்கோசும் ஃபிரக்டோசும். அந்த மூலக்கூறு ஒவ்வொண்ணும் சீனி மூலக்கூறுல ஏறக்குறைய பாதி எடைதான், அதனால அதே எடைக்கு எண்ணிக்கை ரெண்டு மடங்கு கிட்ட வரும். எண்ணிக்கை கூடக் கூட உறைநிலை கீழ இறங்கும். வெளிநாட்டுக் குறிப்புல வர்ற பிறவுன் சீனி ஈரமா, கையில பிடிச்சா உருண்டையா நிக்கும். நம்ம கடையில கிடைக்கிற சிவப்புச் சீனி உலர்ந்தது, பருமணி. அதை மிக்சியில ஒரு சுத்து சுத்தி, கூடவே ஒரு கரண்டி தேன் சேர்த்தாத்தான் அந்த வேலையைச் செய்யும். வாசனைக்கு கித்துள் பாணி (கித்துள் மரத்துல எடுக்கிற பாகு) பிரமாதம். ஆனா மென்மைக்கு தேனை நம்புங்க.

அடுத்தது கொழுப்பு. பட்டர் ஃப்ரீசர்ல இறுகிரும். அதுல கால்வாசியை சூரியகாந்தி எண்ணெய்க்கு மாத்துங்க. தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது 24 பாகைக்குக் கீழ போனாலே உறையும். இங்க மலைநாட்டுல காலையில போத்தல்லயே உறைஞ்சு நிக்கிறதைப் பாக்கிறீங்கதானே.

12 சாண்ட்விச்சுக்கு, அதாவது 24 குக்கிக்கு இந்த அளவை எடுங்க: பட்டர் 85 கிராம், சூரியகாந்தி எண்ணெய் 30, பொடிச்ச சிவப்புச் சீனி 130, வெள்ளைச் சீனி 30, தேன் 1 மேசைக்கரண்டி, முட்டை 1, மா 160, கொக்கோ 30, உப்பு அரைத் தேக்கரண்டி, அப்பச்சோடா கால் தேக்கரண்டி. பேக்கிங் பவுடர் தேவையில்ல.

நம்ம குளிர்ல பட்டரும் சீனியும் அடிச்சு நுரைக்க வெக்கிறது பெரும்பாடு. பட்டரை உருக்கிருங்க. இளஞ்சூடா இருக்கும்போது எண்ணெய், ரெண்டு சீனி, தேன் போட்டுக் கலக்கி 10 நிமிஷம் விடுங்க, சீனி இளகும். பிறகு முட்டை. அதுக்கப்புறம் சலிச்ச மா, கொக்கோ, உப்பு, சோடா; வெள்ளை மறைஞ்ச உடனே கிண்டுறதை நிறுத்துங்க. ஒரு மணித்தியாலம் ஃபிரிஜ்ல வெச்சு, ரெண்டு பேக்கிங் பேப்பருக்கு நடுவுல 5 மில்லிமீட்டருக்கு உருட்டி, 7 சென்டிமீட்டர் வட்டமா வெட்டி, முள்ளுக்கரண்டியால நிறைய இடத்துல குத்துங்க. அந்த ஓட்டை அழகுக்கு இல்ல. நீராவி அது வழியா வெளியேறினாத்தான் குக்கி தட்டையா நிக்கும், ஐஸ்கிரீம் ஒட்டி உட்காரும்.

180 பாகையில 8 முதல் 9 நிமிஷம். ஓரம் இறுகி, நடு விரலுக்கு மெத்துன்னு இருக்கும்போதே எடுங்க, தட்டுலயே மீதி வெந்துரும். 14 நிமிஷம்னா அதுல இருந்த ஈரம் முழுக்கப் போயிரும்.

பண்டாரவளை_கேக்கடை:

மேல சொன்னதுல பெரும்பாலும் ஒத்துப்போறேன். உப்பிக் குழி விழுற விஷயத்தைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்றேன், மலையில எல்லாருக்கும் வர்ற சிக்கல் இது.

உயரம் கூடினா காத்தழுத்தம் குறையும். நுவரெலியா 1868 மீட்டர், அங்க தண்ணி 94 பாகை கிட்டயே கொதிக்கும். தலவாக்கலை 1200 மீட்டர் அளவு, 96 பாகை. அழுத்தம் குறைஞ்சா பேக்கிங் பவுடர் விடுற வாயு அதிகமா விரியும். மா இறுகி அதைத் தாங்குறதுக்கு முன்னாடி வீங்கிரும், தாங்க முடியாம அமுங்கிரும். கொழும்புக் குறிப்புல 1 தேக்கரண்டின்னா நமக்கு முக்கால் போதும், நுவரெலியாவுல அரை. தட்டையா வேணும்னு கேக்கிற குக்கிக்கு இன்னும் குறைவு. அக்கா கொடுத்த கால் தேக்கரண்டி சோடா சரியான அளவு.

உயரத்துல சீனியைக் குறைக்கச் சொல்லுவாங்க, ஈரம் சீக்கிரம் போய் சீனி செறிஞ்சு குக்கி பரவுறதால. இந்தக் குக்கிக்கு அதைக் கேக்காதீங்க. குறைச்சா மறுபடி கல்லாயிரும். பரவலைத் தடுக்க வெட்டின வட்டத்தைத் தட்டோட 15 நிமிஷம் ஃப்ரீசர்ல வெச்சு, அப்படியே சூடான அவனுக்குள்ள தள்ளுங்க. நுவரெலியாப் பக்கம் 190 பாகைக்கு ஏத்தினா ஓரம் முந்தி இறுகும். ஒரு நிமிஷம் முன்னாடியே பாருங்க.

ஒரு இடத்துல மாறுபடுறேன். அன்னைக்கோ மறுநாளோ சாப்பிடுறதுக்கு அரைவேக்காடு சரி. ஒரு கிழமை வெச்சு எடுக்கிறதுன்னா இன்னும் ஒரு நிமிஷம் வேகட்டும். ஐஸ்கிரீம்ல இருந்து ஈரம் குக்கிக்குப் போய்க்கிட்டே இருக்கும்; ரொம்ப இளசா எடுத்தது நாலாம் நாள் கையில ஒட்டும்.

பிதுங்குறதுக்குப் பாதிக் காரணம் ஐஸ்கிரீம். டப்பாவை எடை போடுங்க. 1 லீட்டர் 500 கிராம்தான்னா பாதி காத்து, நசுக்கினா உடனே அமுங்கும். எடை கூடினதா வாங்குங்க. கரண்டியால அள்ளி வெச்சு அமுக்காதீங்க. பேப்பர் விரிச்ச தட்டுல 2 சென்டிமீட்டர் மொத்தத்துக்குப் பரப்பி, 4 மணித்தியாலம் இறுக வெச்சு, குக்கி வெட்டின அதே வளையத்தால வெட்டுங்க. குக்கியையும் அரை மணித்தியாலம் குளிர வெச்சுட்டு அடுக்குங்க. பரப்புறதுக்கு ஐஸ்கிரீமை ஃபிரிஜ்ல 10 நிமிஷம் இளக்கினாப் போதும். உருகி மறுபடி உறைஞ்சா பனிக்கட்டி நறநறன்னு வரும். கரண்ட் போய் உருகினதைத் திரும்ப உறைய வெச்சுக் கொடுக்கவே கூடாது.

தலவாக்கலை_தங்கச்சி:

ரொம்ப நன்றி அக்கா, அண்ணா. பட்டருக்குப் பதிலா மாஜரின் போடலாமா? சொக்கலட்ல முக்கி எடுக்கிறதுக்கும் ஒரு அளவு சொல்லுங்க. அவன் இல்லாத வீட்டுக்கு வழி இருக்கா?

பதுளை_ஓட்ஸ்:

மாஜரின் போடலாம், கட்டியா வர்றதை வாங்குங்க. கிண்ணத்துல வர்ற மெதுவான வகையில தண்ணி கூட, குக்கி பரவும். உப்பு ஏற்கனவே இருக்கும், அதனால நீங்க போடுற உப்பைக் கால் தேக்கரண்டியா குறைங்க.

முக்கி எடுக்க: டார்க் சொக்கலட் 200 கிராம், தேங்காய் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, வெந்நீர்ப் பாத்திரத்துக்கு மேல உருக்கி, அறைச்சூட்டுக்கு ஆற விடுங்க. குக்கிக்கு ஆகாத தேங்காய் எண்ணெய் இங்கதான் கை கொடுக்கும்: குளிர் பட்ட உடனே இறுகி, மெல்லிய ஓடா நிக்கும். சாண்ட்விச் நல்லா உறைஞ்சிருக்கணும், சொக்கலட்ல ஒரு துளி தண்ணி விழக் கூடாது. விழுந்தா கட்டி தட்டிரும்.

இப்படி முக்கினதுல பேர் போனது சான் பிரான்சிஸ்கோவுல 1928ல தொடங்கின இட்ஸ்-இட். ரெண்டு ஓட்ஸ் குக்கி, நடுவுல வெனிலா, மேல டார்க் சொக்கலட். ஓட்ஸ் ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், ஆனா குழையாது. அதனாலதான் இந்த வேலைக்கு அவ்வளவு பொருந்துது. மேல உள்ள அளவுல கொக்கோவை விட்டு, மா 120, ஓட்ஸ் 90 கிராம், இஞ்சிப் பொடி 1 தேக்கரண்டி போட்டுப் பாருங்க. ஓட்ஸை ஒரு நொடி மட்டும் மிக்சியில உடைங்க. நடுவுல தேயிலை ஐஸ்கிரீம் வெச்சா எனக்கு அதுக்கு மேல ஒண்ணு கிடையாது: 250 மில்லிலீட்டர் சூடான பால்ல 10 கிராம் தேயிலை, 5 நிமிஷம் ஊற வெச்சு வடிச்சு, ஆறினதும் ஐஸ்கிரீம் கலவையில சேருங்க. 5 நிமிஷத்துக்கு மேல விட்டா துவர்ப்பு ஏறிரும்.

அவன் இல்லாட்டி மாரி பிஸ்கட்தான் நல்ல வழி. நடுவுல 1.5 சென்டிமீட்டர் ஐஸ்கிரீம் வெச்சு, காத்துப் புகாம சுத்தி, ஒரு முழு நாள் ஃப்ரீசர்ல விடுங்க. ஈரம் ஏறி கேக் பதத்துக்கு வந்துரும். இஞ்சி பிஸ்கட் கெட்டி, அதுக்கு ரெண்டு நாள்.

எந்த வகையானாலும் ஒவ்வொண்ணையும் தனியா பேப்பர்ல சுத்தி, அதுக்கு மேல டப்பாவுல போடுங்க, ஃப்ரீசர் வாடை ஏறாது. சாப்பிடுறதுக்கு 4 நிமிஷம் முன்னாடி வெளிய எடுங்க. வேற இடத்துக்குக் கொண்டுபோறதுன்னா ரெஜிஃபோம் பெட்டி, சுத்தி ஐஸ். ஐஸ்ல ஒரு பிடி உப்புக் கலந்துக்குங்க, உருகிக்கிட்டிருக்கிற வெறும் ஐஸ் பூச்சியத்துக்குக் கீழ போகாது, ஐஸ்கிரீம் இளகிரும்.